நூலகத்தில் சத்தம் என்று நான் எழுதிய கடிதம்

போன வாரம் ஷிஃப்ட் பஸ்ஸில் சீட் பிடிக்கும் வித்தையை எழுதினேன். சிரித்தோம். இந்த வாரம் அவ்வளவு சிரிக்க முடியாது... பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் டாக்டர் என் அத்தையின் மஞ்சப்பையை மேஜை மேல் கவிழ்த்தார். இரண்டு மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஒன்று எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கொடுத்தது. இன்னொன்று அத்திப்பள்ளியில் ஒரு முகாமில் கொடுத்தது. அத்திப்பள்ளி பார்டருக்கு அந்தப் பக்கம். அங்கேதான் அத்தையின் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

"ரெண்டும் ஒரே சுகர் மருந்துதாம்மா. கம்பெனி வேற, பேர் வேற. ரெண்டையும் சேர்த்துப் போட்டா சுகர் இறங்காம என்ன பண்ணும்?"

"அதெப்பிடி சார் ஒண்ணாவும்? இது நம்மூரு மாத்திர, அது கர்நாடகா மாத்திர. இது வெள்ள, அது மஞ்ச!"

டாக்டர் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

மாதம்மா அத்தை, என் அப்பாவின் தங்கை. பாலிஹவுஸில் ரோஜா வெட்டுகிறவர். பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழே வரிசை வரிசையாக ரோஜா நிற்குமே, அங்கே. காலையில் இரண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு, வேனுக்கு நேரமாச்சு என்று வெறும் வயிற்றோடு ஓடியிருக்கிறார். பத்து மணிக்கு உடம்பு வேர்த்துக் கண் இருட்டி, இரண்டு பாத்திக்கு நடுவே கையை ஊன்றி விழுந்திருக்கிறார். உடைந்தது கட்டர் பிடிக்கும் கை. பழைய பிடி வருமா? கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார்கள்.

"இதையெல்லாம் உங்களுக்கு யாரு படிச்சுக் காட்டுறது?" என்று டாக்டர் கேட்டார்.

"முன்ன லைப்ரரில படிச்சுச் சொல்லுவாங்க சார். இப்ப இல்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். பால் சொசைட்டியை ஒட்டின கட்டடம்தான் ஊர்ப்புற நூலகம். ஒரே ரூம், நாலு பீரோ, இரண்டு நீள மேஜை. நூலகர் மஞ்சுளா அக்கா. பிறந்த வீடு தெலுங்கு, படித்தது தமிழ், புகுந்த வீட்டில் கன்னடம் எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டவர். அத்தைக்கும் மூன்று பாஷை வரும் - பேச மட்டும். மூன்றிலும் ஓர் எழுத்து படிக்க வராது. எங்கள் பக்கத்தில் இது சாதாரணம்.

சாயந்திரம் பாலிஹவுஸ் வேன் பெண்களை நூலக வாசலில்தான் இறக்கிவிடும். அப்படியே உள்ளே வந்து உட்காருவார்கள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மாத்திரை அட்டை, சுகர் நோட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்... ஒவ்வொன்றாக வெளியே வரும்.

"மஞ்சு, இது சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்னன்னு போட்டிருக்கு."

"டீ குடிச்சா அது சாப்பாடுதான?"

"வெறும் டீயா?"

"இவளா? ஒரு டீக்கு நாலு பன்னு முக்குவா. இவளுக்கு அது கல்யாண விருந்து!"

சிரிப்பு பால் சொசைட்டி வரை கேட்கும்.

மஞ்சுளா அக்கா ஒரு விஷயத்தில் கறார். "நான் டாக்டர் கெடையாது. எழுதியிருக்கறதப் படிப்பேன். அதுக்கு மேல நர்ஸம்மாவத்தான் கேக்கணும்" என்பார். ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்வியை எழுதிக் கொடுப்பார். 'வெறும் டீ குடித்த பிறகு இந்த மாத்திரை போடலாமா?' அவ்வளவுதான். அதை நர்ஸம்மாவிடம் நீட்டினால் போதும். ஆஸ்பத்திரியில் வாய் திறக்கப் பயப்படுகிறவர்களுக்கு அந்தச் சீட்டுதான் வாய்.

அதே ரூமில் அடுத்த மேஜையில் நாங்கள் நாலு பேர். குரூப் ஃபோர் பரீட்சைக்குத் தயாராகிறோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அந்த மேஜை எனக்குக் கோவில் மாதிரி.

ஒரு நாள் ஓசூர் கோச்சிங் சென்டர் நண்பன் ஒருவன் நோட்ஸ் கொண்டுவந்தான். பேன்ட் மடிப்புக் கலையாத பையன். அன்றைக்குப் பார்த்து அத்தை தெருவுக்கே கேட்கிற குரலில், "மஞ்சு, மூணு நாளா வெளிக்கிப் போவல, இந்த மாத்திரயாலயா பாரு!" என்றார். ரூமே சிரித்தது. நண்பன் என் பக்கம் குனிந்து, "உங்க சொந்தமாடா?" என்றான்.

"பக்கத்துத் தெரு" என்றேன்.

பொய்யில்லை பாருங்கள். அத்தை வீடு பக்கத்துத் தெருதான்.

அன்றைக்கே மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். அதுவரை எங்கள் குடும்பத்து மனுக்களையெல்லாம் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஆள் ஒருவன் சொந்தக் கையால் எழுதிய முதல் மனு, என்னுடையது. 'நூலகத்தின் மாண்பும் போட்டித் தேர்வு மாணவர்களின் எதிர்காலமும்' என்றெல்லாம் போட்டேன். நாலு பேரும் கையெழுத்து வைத்தோம். கலெக்டர் மாதிரி எழுதியிருக்கிறாய் என்று நண்பர்கள் முதுகில் தட்டினார்கள்.

கடிதம் வேலை செய்தது. சில வாரங்களில் சுவரில் பச்சைப் பலகை ஏறியது. வெள்ளை எழுத்தில் 'அமைதி காக்கவும்'. மேலிடத்து உத்தரவு. பெண்கள் இரண்டு நாள் வந்து குசுகுசுவென்று பேசிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வேனிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்கு நடந்தார்கள்.

கிடைத்த அமைதியில் படித்து... நாங்கள் நாலு பேரும் கோட்டை விட்டோம்.

இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். அங்கே திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் நிற்க வைத்து சேஃப்டி விதிகளைச் சத்தமாகப் படிப்பார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி - நாலிலும். படிக்கத் தெரிந்தவனும் நின்று கேட்கவேண்டும். மெஷினில் விரல் போய்விடக் கூடாது என்று கம்பெனிக்கு அவ்வளவு அக்கறை. நானும் வாராவாரம் நின்று கேட்டிருக்கிறேன். இதே காரியத்தைத்தானே எங்கள் ஊரில் ஓர் அக்கா யாரும் உத்தரவு போடாமலே செய்தார் என்று எனக்கு ஒரு திங்கட்கிழமைகூடத் தோன்றவில்லை.

டாக்டர் போன பிறகு அத்தையிடம் கேட்டேன். "ஏன் அத்த, என்னயாவது கேட்டிருக்கலாம்ல? ஒரு போன்தான?"

"நீ டூட்டில இருப்ப. உன்ன இன்னாத்துக்குத் தொந்தரவு பண்ணணும்?"

"மஞ்சுளாக்கா இருக்காங்கல்ல?"

"அங்கதான் பேசக் கூடாதுன்னு போர்டு போட்டுட்டாங்களே சாமி."

படிக்கத் தெரியாத அத்தை அந்த ஒரு போர்டை மட்டும் சரியாகப் படித்திருக்கிறார்.

முகாமில் கொடுத்த கன்னடச் சீட்டும் அந்தப் பையில்தான் இருந்தது. வார்டில் கன்னடம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காட்டி, கேட்ட பிறகே இதைச் சாப்பிடவும்.' தெளிவாக, பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டு மாதமாக அத்தையின் பையிலேயே இருந்திருக்கிறது.

"அந்த போர்டு வந்ததுக்குக் காரணம் நான்தான் அத்த. நான்தான் எழுதிப் போட்டேன்."

கட்டுப் போட்ட கையை மடிக்கு நகர்த்திக்கொண்டார். பிறகு, "நாங்க மட்டும் கொஞ்சமாவா கத்துனோம்? படிக்கிற புள்ளைங்களுக்கு இம்சயாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

திட்டியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் லீவு போட்டு நூலகத்துக்குப் போனேன். மஞ்சுளா அக்காவிடமும் சொன்னேன். ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "எனக்கு அப்பவே தெரியும் தம்பி. ஆர்டரோட உன் கடிதத்தையும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தாங்க. ஆறாவதுல மெம்பர் ஆனதுல இருந்து உன் கையெழுத்தப் பாக்கறேன்" என்றார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா?"

"என்னன்னு கேக்கறது? ஒரு தப்பு இல்லாம எழுதியிருந்த."

போர்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "மாட்டச் சொல்லி ஆர்டர் வந்துச்சு. கழட்டச் சொல்லி வரலியே?" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். இந்தத் தடவை மாண்பு கிடையாது. தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் எங்கள் நூலகத்தில் சத்தம் வேண்டும். மாத்திரை அட்டையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மூன்று பாஷையில் வாய்விட்டுப் படிக்க அனுமதி வேண்டும். நர்ஸம்மா மாதம் ஒரு நாள் வந்து அந்தக் காலண்டர் தாள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் அந்த ஒரு மணி நேரம் டீ குடிக்கப் போகட்டும்... செத்துப் போய்விட மாட்டார்கள்.

பதில் இன்னும் வரவில்லை. முதல் கடிதத்துக்கு இவ்வளவு நாள் ஆனதாக ஞாபகம் இல்லை.

பதில் வரும்வரை காத்திருப்பானேன் என்று நேற்று அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். ரூமில் ஒரு ஈ காக்கை இல்லை. வாசலில் வேன் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். மஞ்சுளா அக்கா கதவருகே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். "வூட்ல வேல கெடக்குது மஞ்சு" என்று நிற்காமல் போனார்கள்.

"நீயாச்சும் வந்தியே மாதம்மாக்கா. சத்தமாவே கேளு, யாரும் இல்ல" என்றார் அக்கா.

அத்தை ஒரு தடவை சுவரை நிமிர்ந்து பார்த்தார். இடது கையால் புது மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என் காதோரம் குனிந்து, மூச்சுக் காற்றாகக் கேட்டார்:

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயான்னு கேளு சாமி."

நான் எழுதிய வேறெதையும் யாரும் இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடித்ததில்லை.