உயிரோடிருக்கும் பிள்ளையின் பாட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பிள்ளையோடு சேர்த்துப் பாட்டையும் புதைத்துவிடுவார்கள். செத்துப்போன குழந்தைக்குப் பாடிய தாலாட்டை இன்னொரு தொட்டிலுக்குப் பாடக்கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை யார் போட்டது என்று எவருக்கும் தெரியாது. கங்காணி சொன்னதையே காதில் வாங்காத பெண்கள்கூட இதை மீறியதில்லை. நான் சிறுமியாக இருந்த அந்தக் காலத்தில், மழை பிடித்தால் ஸ்பிரிங்வெளி லயங்களில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வீடு வீடாகப் புகுந்து புறப்படும். பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள். பாட்டுகளும் குறைந்துகொண்டே வந்தன.

எனக்குப் பிறகு ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே போய்விட்டார்கள். என் பாட்டையே தம்பிக்கும் பாடியதால் அது அவனோடு போயிற்று. தங்கச்சிக்கு வேறு பாட்டு, அதுவும் போயிற்று. அம்மா மறுபடி முழுகாமல் இருந்தபோது பாடுவதற்கு அவளிடம் ஒன்றுமே மிச்சமில்லை. பாட்டில்லாமல் பிள்ளை தூங்காதா என்று அப்பா கேட்டுவிட்டார். அன்று முழுக்க அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. பாட்டில்லாத பிள்ளை தங்காது என்று அம்மா நம்பினாள். நானும் நம்பினேன்.

இந்தியாவிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கினால், எங்கள் பெண்கள் ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு போய் முதலில் ஊர் விசாரிப்பார்கள். அப்புறம் மெதுவாகத் தாலாட்டுக்கு வருவார்கள். வந்தவள் பாடப்பாட, சுற்றி உட்கார்ந்து பாட்டை எடைபோடுவார்கள். தங்கத் தொட்டில், முத்துச் சலங்கை என்று வந்தால், சாக்கில் படுக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருத்தி தள்ளிவிடுவாள். மாமன் சீர் கொண்டுவரும் பாட்டு என்றால், மாமன் முதலில் கடல் தாண்டி வரட்டும் என்பாள் இன்னொருத்தி. ராகம் வேகமாக இருந்தால், இதைக் கேட்டால் பிள்ளை எழுந்து ஆடும் என்று சிரிப்பார்கள். எல்லாம் தேறிய பாட்டுக்குக் கடைசியாக ஒரு கேள்வி உண்டு: யாருக்குப் பாடியது, அந்தப் பிள்ளை இருக்கிறதா? அநேகமாக அந்தக் கேள்வியில்தான் பாடியவள் தலையைக் குனிவாள். அம்மா அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வெறுங்கையோடு திரும்புவாள்.

அம்மாவுக்கு மாதம் நெருங்கியபோது, பதுளையில் நாங்கள் துணி எடுக்கும் முஸ்லிம் நானா கடைக்குப் பாட்டுப் பெட்டி வந்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். பெட்டியில் பாடுகிற பாட்டு எந்தச் செத்த பிள்ளைக்கும் சொந்தமில்லையே என்பது அவள் கணக்கு. குழந்தைப் பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். முதலாளி தேடி எடுத்து ஒரு தட்டைப் போட்டார். ஆர்மோனியமும் மிருதங்கமுமாக ஒரு பெண் உச்சக் குரலில் தாலாட்டினாள். கடையில் நின்ற சனமெல்லாம் வாயைப் பிளந்து கேட்டது.

"இந்தம்மா பிள்ளைக்குப் பாடலீங்க, சனத்துக்குப் பாடுறாங்க" என்றாள் அம்மா. அந்த ஏமாற்றத்தில் அங்கேயே அழுதும் விட்டாள்.

உள்ளே திரைக்குப் பின்னால் இருந்த முதலாளியின் மனைவி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, எதற்கு அழுகை என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திரையை இழுத்து மூடினார். பிறகு தாழ்ந்த குரலில் பாடினார். கடலுக்குப் போன வாப்பா வருவார், விளக்கு ஏற்றியாயிற்று, அல்லாஹ் காவல், கண்ணுறங்கு என்று போகும் பாட்டு. சலங்கை இல்லை, சீர் இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசிக் கேள்வியையும் கேட்டாள்.

"இருக்கான், தங்கச்சி. பள்ளிவாசலுக்கு ஓதப் போயிருக்கான்" என்றார் அவர்.

தம்பி பிறந்தான். அம்மா அந்தப் பாட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் அது வேறு பாட்டாகிவிடும் என்றாள். முருகன் படத்துக்குக் கீழே அல்லாஹ்வைக் காவலுக்கு வைத்தோம். மழைக்காலம் வந்தது, போயிற்று. தம்பி தங்கினான். பேச்சு வந்ததும் அப்பாவை வாப்பா என்று கூப்பிட்டான். உன் மகனுக்கு எப்போது தொப்பி வாங்கப்போகிறாய் என்று லயமே அப்பாவைக் கிண்டல் செய்தது. அவர் சிரித்தபடியே பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்.

நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு, அவனை முதலாளியின் மனைவிக்குக் காட்டக் கூட்டிப்போனோம். முதலாளி துணி அளந்துகொண்டிருந்தார். தம்பி நேரே போய் அவர் சாரத்தைப் பிடித்து இழுத்து, "வாப்பா" என்றான்.

அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அதை எடுக்காமலே அம்மாவைப் பார்த்தார். "எங்க மகன் மௌத்தானதுக்குப் பொறகு, இந்தக் கடையில யாரும் என்னை அப்படிக் கூப்பிடல, புள்ள" என்றார். எப்போது இறந்தான் என்று அம்மா கேட்டாள். நாங்கள் பாட்டுக்கு வந்ததற்கு முந்திய வருஷம் என்றார். ஒரே பிள்ளையாம்.

அம்மா தம்பியை வாரித் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். சண்டைதான் வரப்போகிறது என்று பயந்துகொண்டே நானும் போனேன். எல்லாம் கேட்டுவிட்டிருந்த முதலாளியின் மனைவி சுவரோரம் நின்றிருந்தார்.

"பொய் சொல்லிட்டேன், தங்கச்சி. யாராவது அதைப் பாடமாட்டாங்களான்னு இருந்திச்சு."

அம்மா தம்பியை அவர் கையில் கொடுத்தாள். அவன் சிணுங்கினான். அவர் பாடத் தொடங்கினார். தன் பாட்டைக் கேட்டதும் தம்பி அவர் தோளில் தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான். பாட்டு முடிந்த பிறகும் அவர் அசையவில்லை. கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. நேரமாகிறது என்று நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். பேசாமல் இரு என்று அம்மா கையைக் காட்டினாள். அவன் தானாக விழிக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது தூறல். ஏற்றத்தில் அம்மா பின்னால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் வாய்விட்டே பாடினாள். நல்ல பாட்டு, நான் கேட்ட ஞாபகமே இல்லை. இது யாருக்குப் பாடியதம்மா என்று கேட்டேன்.

"ஒன் தங்கச்சிக்கு" என்றாள்.