கோரமண்டலில் கோரம் கூடிய கதை

குருசேகரச் செயலாளர், அதாவது சர்ச் கமிட்டிச் செயலாளர், வேலைக்குச் சம்பளமும் கிடையாது, விடுதலையும் கிடையாது. அபார்ட்மெண்ட் சங்கத்திலோ பெற்றோர் சங்கத்திலோ "நீங்களே இருங்க" என்று இந்தப் பதவி தலையில் கட்டப்பட்ட பாவப்பட்டவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்கள் சபை தங்கவயல் கோரமண்டலில் இருக்கிறது. மேலே பேராயர், அவருக்குக் கீழே வட்டாரத் தலைவர், அவருக்குக் கீழே எங்கள் பெண் ஆயர், எல்லோருக்கும் ஆயரம்மா. ஆயரம்மாவோடு சேர்ந்து சபையை நடத்த ஒரு கமிட்டி. எது நடந்தாலும் திட்டு வாங்க ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு நான்.

மூன்றாவது லெவல்

பேராயம் திடீரென்று சபைகளை மூன்று லெவலாகப் பிரித்தது. நாங்கள் மூன்றாவது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதை நான் வாசித்தேன். கமிட்டியில் மூத்தவர், பழைய சுரங்கத் தொழிலாளி தேவதாஸ் மாமா உடனே கைதட்டினார். சுரங்கத்தில் கேஜு என்கிற கூண்டு லிஃப்டில்தான் இறங்குவார்கள்; லெவல் நம்பர் ஏற ஏற ஆழம், ஆழம் போகப் போகத் தங்கம். அவர் கணக்கில் இது பதவி உயர்வு. அவரைப் பார்த்துச் சபையே தட்டியது.

மூன்றாவது லெவல் என்றால் தனி ஆயர் கிடையாது, ராபர்ட்சன்பேட்டை சபையோடு சேர்த்துவிடுவார்கள், ஆயரம்மாவுக்கு மாற்றல் என்று நான் விளக்கினேன். மாமாவின் கை பாதியில் நின்றது. "அப்போ இது லெவல் இல்ல எஸ்தரு. நம்பள கீழ வுட்டுட்டு கேஜு மேல போவுது."

எந்த வீட்டு மாமனார்

ஆயரம்மா போனால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் ஊரைப் பகலில் பார்த்ததில்லை. சம்பாதிக்கிற வயதுக்காரர்கள் எல்லோரும் விடியும் முன்பே ரயிலேறிப் பெங்களூர் போய்விடுவோம். ஊரில் மிச்சம் இருப்பது பென்ஷன்காரர்கள், ஆயரம்மா. என் பக்கத்து வீட்டுச் செல்வி ஆடி மாதம் தவறாமல் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். அவளுடைய மாமனார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஆயரம்மாதான். அவர் இருக்கிற தைரியத்தில்தான் நான் என் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். அவரை இழக்க நான் தயாராக இல்லை.

"உங்க சபை ஆளே இல்லையே அவர்" என்று ஆஸ்பத்திரியில் யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆயரம்மா சொன்னாராம்: "யார் மந்தைன்னு அப்புறம் பார்த்துக்கலாம், மொதல்ல எலும்பு ஒட்டட்டும்."

பெயரில் மட்டும்

வட்டாரத் தலைவர் ஐயா விசாரணைக்கு வந்தார். எங்கள் மேல் இருந்த பெரிய புகார், கமிட்டிக் கூட்டத்துக்குக் கோரம் சேர்வதில்லை என்பது. பாதிப்பேராவது உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும்; அதற்குத்தான் கோரம் என்று பெயர். நாங்கள் கூட்டம் வைப்பது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மெம்பர்களில் முக்கால்வாசிப் பேர் நர்ஸ், செக்யூரிட்டி, மால் ஊழியர்கள். ஞாயிறும் டூட்டி.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் எடுத்துச் சொன்னேன். ஐயா காலியான நாற்காலிகளைப் பார்த்தார். "ஊர் பேர்லயே கோரம் இருக்கு. கமிட்டியிலதான் காணோம்." எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்து வைத்தேன். போகும்போது படியில் நின்று ஒன்று சொன்னார்: "ஒரே ஒரு கூட்டம், கோரத்தோட நடத்திக் காட்டுங்க. நானே வந்து உட்கார்ந்து பாக்கறேன்."

அதுகூடத் தெரியாதா

மறுநாள் ரயிலில் நின்றுகொண்டே யோசித்தேன். சுற்றிலும் பார்த்தேன். நர்ஸ் கிரேஸ் ஜன்னலோரம் தூங்குகிறாள், செக்யூரிட்டி சாமுவேல் வாசலில் நிற்கிறார், மற்றவர்கள் அங்கங்கே. தேவதாஸ் மாமாவைத் தவிர என் கமிட்டி முழுக்க அந்தப் பெட்டியில்தான் இருந்தது!

உடனே ஐயாவுக்குப் போன் போட்டேன். ரொம்பப் பணிவாக, கூட்டம் எங்கே நடக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்டேன். அவர் சலித்துக்கொண்டார். "இடம், நேரம் எல்லாம் அறிவிக்கிறது செயலாளர்தானம்மா. இவ்வளவு நாள் செயலாளரா இருக்கீங்க, அதுகூடத் தெரியாதா?"

ஓடுகிற கமிட்டி

தெரிந்துகொண்டேன், அறிவித்தேன். இடம்: மாரிகுப்பத்திலிருந்து வரும் காலை ரயில், பின்னாலிருந்து இரண்டாவது பெட்டி. சொன்ன சொல்லுக்காக ஐயா வந்துவிட்டார். ஆயரம்மாவும் தேவதாஸ் மாமாவும் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். ஐயாவுக்கு உட்கார இடம் கிடைத்தது, மடியில் வைத்துக்கொள்ள யாருடையதோ ஒரு டிபன் கேரியர்கூடக் கிடைத்தது. அவர் ஜெபம் செய்தபோது பெட்டி முழுக்கச் சத்தம் அடங்கியது. பிறகு நான் பெயர் கூப்பிட்டேன். வாசலிலிருந்து ஒரு "கீறேன்!", ஜன்னலிலிருந்து ஒரு "கீறேங்க்கா!", கூட்டத்துக்குள்ளிருந்து எங்கோ ஒரு கை. ஒருவர் பாக்கியில்லை.

ஆயரம்மா இங்கேயே இருக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னேன். மெம்பர்களோடு சேர்ந்து, அதே பெட்டியில் தினமும் வேலைக்கு வரும் செல்வியின் கையும் ஏறியது. "இவங்களும் உங்க கமிட்டியா?" என்று ஐயா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் செல்வியே எழுந்து நின்றாள். "இன்னா சார், எங்க மாமனாரத் தூக்கிவுட்டப்போ ஆயரம்மா என்னை மெம்பரான்னா கேட்டாங்க?"

ஜன்னல் சீட்டு

ஐயா பெங்களூர் வரும்வரை டிபன் கேரியரைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு பேராயச் செயற்குழுவில் எங்களுக்காக எழுந்து பேசியது அவர்தான். சபைகளைச் சேர்க்கும் பட்டியலிலிருந்து கோரமண்டலை எடுத்துவிட்டார்கள். அன்று மாலை எங்கள் பெட்டியில் லட்டு கொடுத்தோம், டிக்கெட் பரிசோதகருக்கும் சேர்த்து. செய்தியை எனக்குச் சொன்னதும் ஐயாதான், போனில். "ஆயரம்மா அங்கேயே இருக்காங்க, கவலைப்படாதீங்க. அடுத்த கூட்டத்துக்கு மட்டும் எனக்கு ஒரு ஜன்னல் சீட்டு போட்டு வைங்க."

இப்போது எங்களுக்குத் தினமும் கோரம் இருக்கிறது, ஆனால் நான் ராஜினாமா என்று வாயெடுத்தாலே எல்லோருக்கும் இறங்குகிற ஸ்டேஷன் வந்துவிடுகிறது.