சந்தன நிறப் புடவை

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். என் தங்கை எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் ஒப்படைத்த அன்றே, சித்தப்பா மகன் என்னைத் தனியே அழைத்தான்.

“அண்ணா, அந்த ஆபரேஷன் விஷயத்த மட்டும் போடாதீங்க. நாலு பேர் கைக்குப் போற புக்கு. ‘உடல்நலம் குன்றியிருந்தார்’னு ஒரு வரி போட்டா போதாதா?”

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். சூலகம், சூல்பை என்று பூவின் உறுப்புகளைக் கரும்பலகையில் கூச்சமின்றி வரைந்து பெயர் குறித்தவன். ஆயினும் தங்கையின் கர்ப்பப்பை என்று எழுத இப்போதும் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் எங்கள் குடும்பத்துக்கே உரியது. அதனால் தங்கை பட்டதை எழுதாமல் அவர் வாழ்க்கையை எழுத இயலாது.

தங்கை திருவண்ணாமலையில், அஞ்சலகத்தில் பணியாற்றிய எங்கள் தந்தையாருக்கு இரண்டாவது மகவாகப் பிறந்தார். கல்லூரியில் படிக்கும்போதே தாயாரை இழந்தார். தந்தையார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையானபோது நான் வேலூரில் வேலையில் இருந்தேன், தங்கைதான் உடனிருந்தார். வந்த வரன்கள் தள்ளிப்போயின. பிறகு எவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியையாகச் சேர்ந்தார். கவராயம் இல்லாமல் ஒரே வீச்சில் கரும்பலகையில் வட்டம் போடுவார். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். மாணவியர் கைதட்டுவார்கள். “தட்டினது போதும், விட்டத்தக் கண்டுபிடிங்கடி” என்பாராம்.

தீபாவளிக்கு அவருக்குப் புடவை எடுப்பது என் உரிமை. அவர் விரும்பியது சந்தன நிறம். ஏறத்தாழ எல்லா ஆண்டும் அதையே எடுத்தேன். நாற்பத்தைந்தைக் கடந்த பின் ஓர் ஆண்டு, “அண்ணா, இந்த வாட்டி அரக்கு எடுங்க” என்றார். அடுத்த ஆண்டு கருநீலம். அதற்கடுத்து, கறுப்புக்கு மிக நெருங்கிய ஒரு பச்சை. வயதுக்கேற்ற அடக்கம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். அதை வீட்டில் பலரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

பிறகொரு நாள் வகுப்பில் மயங்கி விழுந்தார். மருத்துவரிடம் நானும் எங்கள் அத்தையும் உடன் சென்றோம். கர்ப்பப்பையில் கட்டிகள் பல இருந்தன. மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார்.

“இது கேன்சர் இல்லம்மா. ஆனா ரத்தம் ரொம்ப கம்மியா இருக்கு. மாத்திரையோட காத்திருந்து பார்க்கலாம், மாதவிலக்கு நின்னா கட்டி சுருங்கும். கட்டிய மட்டும் எடுக்கவும் வழி இருக்கு, ஆனா திரும்ப வரலாம். இல்ல, கர்ப்பப்பையையே எடுத்துடலாம். யோசிச்சி நீங்கதான் சொல்லணும்.”

தங்கை வாய் திறக்கும் முன் அத்தை முந்திக்கொண்டார். “கல்யாணமே பண்ணிக்கல. அத வெச்சிக்கினு இன்னாத்துக்கு? எடுத்துடுங்க டாக்டரம்மா.”

நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சின்போது எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பும் ஆட்டோவில் தங்கை நிதானமாகக் கேட்டார்: “அத்தை, உங்க வாயில ஒரு பல்லும் இல்ல. இன்னாத்துக்கு வெச்சிக்கினு? வாயையும் எடுத்துடலாமா?”

ஆட்டோ ஓட்டுநர் சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. இறங்கும்போது என்னிடம், “உபயோகம் இல்லன்னு யாராச்சும் சொல்றாங்கன்றதுக்காக நான் எடுத்துக்க மாட்டேண்ணா” என்றார்.

பல மாதங்கள் அப்படியே கடந்தன. மாத்திரை பலன் தரவில்லை. உதிரம் நிற்காததால் அவர் கோயிலுக்குப் போகவில்லை. தீபத்தன்று மலை மேல் சுடர் தெரிந்ததும் வீட்டில் முதல் அகலை ஏற்றுபவர், அவ்வாண்டு மாடியின் ஓரத்தில் ஒதுங்கி நின்றார். அத்தை ஒரு பிரார்த்தனை செய்துகொண்டார். பௌர்ணமிதோறும் கிரிவலம் வந்தால் கட்டி கரைந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. “கோயிலுக்குள்ள போனாத்தான் தப்பு. ரோட்டுல நடக்க இன்னா?” என்றார். அவர் மீதும் பிழையில்லை. தங்கைமேல் அவருக்கிருந்த அன்பு அவ்வழியில்தான் நடக்கத் தெரிந்திருந்தது.

ஒரு பௌர்ணமியின் விடியற்காலையில் தங்கையும் நானும் புறப்பட்டோம். அடி அண்ணாமலையை நெருங்கும்போது தங்கை நின்றுவிட்டார். பின்னால் கூட்டம் வந்துகொண்டிருந்தது. புடவை கருநீலம்தான், ஆயினும் பாதம் வரை வழிந்ததை மறைக்க அதனால் முடியவில்லை. என் தோளில் இருந்த துண்டை எடுத்து நீட்டினேன். முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன். அவரும் பாராமல் வாங்கிக்கொண்டார். உடன்பிறந்த இருவர் அத்தனை பேருக்கு நடுவில் தலைகுனிந்து நின்றோம்.

சாலையோர டீக்கடை அம்மையார் அடுப்பை விட்டு எழுந்து வந்தார். “சார், நீங்க அந்தாண்ட போய் உக்காருங்க. நீ வாம்மா உள்ள” என்று தங்கையைக் கடைக்குப் பின்னாலிருந்த தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். தங்கை திரும்பி வந்தபோது அந்த அம்மையாரின் புடவையை உடுத்தியிருந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு என்னருகே உட்கார்ந்தார்.

பிறகு சொன்னார்: “நான் போர்டுல எழுதியே ரெண்டு வருஷம் ஆவுதுண்ணா. பசங்களுக்கு முதுகு காட்டி நிக்க பயம். யாரயாச்சும் கூப்ட்டு எழுதச் சொல்லிட்டு நாற்காலியிலயே உக்காந்திருக்கேன். எந்திரிக்கும்போது நாற்காலியப் பார்ப்பேன்.”

தீபாவளிப் புடவைகள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. தங்கை டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆபரேஷன் பண்ணிக்கறேன். தேவையில்லன்றதுக்காக இல்ல. என் ஒடம்பு, அது இருந்துட்டுப் போகட்டும்னுதான் நெனச்சேன். ஆனா எனக்கு போர்டு வேணும். அத்தைகிட்ட இத இப்படியே சொல்லிடுங்க.”

மிச்ச வழியை ஆட்டோவில் கடந்தோம். மறுவாரம் மருத்துவரிடம் தம் முடிவைத் தாமே சொன்னார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்கம்பக்கத்தில் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருந்தோம். நலம் கேட்க வந்த எதிர்வீட்டுப் பெண்மணி, “குடலிறக்கமாமே?” என்றபோது, “இல்லீங்க, கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க” என்று கட்டிலில் இருந்தபடியே தெருவுக்குக் கேட்கச் சொன்னார். அடுத்த அறையிலிருந்த நான் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு, யாரிடமிருந்து எதை மறைக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அதன் பின் பெண்கள் தனித்தனியே அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். எடுத்துவிடு என்று எவருக்கும் அவர் சொன்னதில்லை. “எனக்கு சரியாப் போச்சின்னா உனக்கும் இதேதான்னு இல்ல. டாக்டர்கிட்ட எல்லா வழியும் கேளு. அப்புறம் உனக்கு இன்னா வேணும்னு யோசி” என்பார்.

விடுப்பு முடிந்து பள்ளிக்குப் போன முதல் நாள், பழைய சந்தன நிறப் புடவையை உடுத்திக்கொண்டார். அன்று வகுப்பில் வட்டம் போட்டதாக மாலையில் சொன்னார். “கொஞ்சம் கோணிப் போச்சிண்ணா. பரவால்ல.” பணி ஓய்வு பெறும் வரை வெளிர் நிறங்களையே உடுத்தினார். சென்ற ஆண்டு மாரடைப்பால், எவருக்கும் சிரமம் தராமல், உறக்கத்திலேயே காலமானார்.

தங்கையின் உடல்மேல் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை எடுத்துக்கொண்டு நான் கடையிலிருந்து வந்தபோது உறவினர் சிலர் முகம் சுளித்தனர். “அரக்கு கெடைக்கலயா? இது தண்ணி ஊத்தினாலே கறை தெரியுமே” என்றார் ஒருவர். கிரிவலத்தன்று தொடங்கித் தங்கையோடு பழகிவந்த, அடி அண்ணாமலையிலிருந்து வந்து வாசலோரம் நின்றிருந்த டீக்கடை அம்மையார், “இதாங்க டீச்சரம்மா கலரு” என்றார். அந்தப் புடவையையே போர்த்தினோம்.

தங்கைக்குச் சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், இறுதி ஊர்வலத்தில் உடன் நடந்த மாணவியருக்கும், மறுத்துப் பேசிய பின்னும் இப்பக்கங்களை அச்சுக்குக் கொண்டு சென்ற சித்தப்பா மகனுக்கும் எங்கள் நன்றி. தம் புடவையைத் தந்த அம்மையாருக்கு இரண்டு கை கூப்பி நன்றி சொல்கிறேன். தங்கைக்கு நான் கடைசியாக எடுத்த புடவை சந்தன நிறம். அதில் கறை ஏதும் இல்லை.