தின்றுகொண்டிருந்த கட்டி

சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் வீட்டுக்கு வந்து என் தங்கையையே கேட்கலாம். நடந்தது அவள் கணவருக்கு, பட்டப்பகலில்.

மாப்பிள்ளைக்குக் கூரியர் ஆபீஸில் வேலை. லீவு விட்டால் கம்ப்யூட்டரே கதி. தனியாளாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தார். குடியிருந்த வாடகை வீட்டையே படமெடுத்து அதில் அப்படியே வைத்திருந்தார். கட்டில், பாத்ரூம், குழந்தையின் தொட்டில் எல்லாம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்ன ஃபைல். அது எங்கே இருக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கேமைத் திறந்தால் அது எல்லா ஃபைலையும் வரிசையாகப் படித்து வீட்டை நிரப்பும். எதற்காவது படம் கிடைக்காவிட்டால் நின்றுபோகாமல், அந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டியைப் போட்டுவிட்டு மேலே போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திரையில் பாத்ரூம் மூலையில் அப்படி ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. எந்தப் பொருளின் படம் தொலைந்தது என்று தேடினார். எதுவும் தொலையவில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கட்டிக்கு மட்டும் ஃபைலே இல்லை. ஆனால் அது அசைந்துகொண்டிருந்தது... எதையோ மெல்லுவதுபோல.

மாப்பிள்ளைக்கு எரிச்சல். கேம் வீட்டில் எது எதைச் செய்தாலும் திரையின் அடியில் எழுதிக் காட்டும்படி நாலு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தார். மறுபடி திறந்தார்.

அடியில் எழுத்து வந்தது. "முடி தின்கிறது."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கையிடம் காட்டிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பிள்ளை பெத்ததுல இருந்து எனக்குக் கொத்துக் கொத்தா கொட்டுதுங்க. ஆனா பாத்ரூம்ல ஒரு நாள்கூட தண்ணி அடைச்சதே இல்ல. நீங்கதான எடுத்துப் போடுறீங்க?"

"நானா? சீ... அதையெல்லாம் நான் தொடுவேனா?"

"அப்போ யாரு எடுக்கறது?"

பாத்ரூம் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. ஈரமுடி அழுகிய வாடை. மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டார்.

திரையில் கட்டி நகர்ந்தது. படுக்கையறைக்குள் போனது. "நகம் தின்கிறது." காலையில் குழந்தைக்கு வெட்டிய நகம், கட்டில் ஓரத்தில் ஒரு காகிதத்தில் கிடந்தது. அதை அவர் கேமில் வைக்கவே இல்லை.

கட்டி தொட்டில் பக்கம் திரும்பியது.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து குழந்தை தூங்குகிற படுக்கையறைக்கு ஓடியிருப்பான். கேம் செய்கிற இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தொட்டிலின் ஃபைலை அழித்தார்! இல்லாத தொட்டிலுக்கு அது எப்படிப் போகும் என்று ஒரு கணக்கு.

திரையில் தொட்டில் மறைந்தது. கட்டி நின்றது.

"தொட்டில் இல்லை."

அப்புறம்... "தேடுகிறது."

திரையில் இப்போது கட்டியும் இல்லை.

நிஜப் படுக்கையறையில் சத்தம். ஸ்ஸ்ப்... ஸ்ஸ்ப்... உறிஞ்சுகிற சத்தம்.

இரண்டு பேரும் ஓடினார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது கக்கிய பாலைத் துடைத்த துணி கன்னத்தருகே கிடந்தது. காலையில் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்த துணி. இப்போது வெள்ளைவெளேரென்று இருந்தது. கொழகொழவென்று எச்சில். ஓரமெல்லாம் மென்ற தடம்.

குழந்தையின் கன்னத்திலும் அதே எச்சில்.

கருமம்... தங்கை அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மூவரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை கேமை அடியோடு அழித்தார். பிள்ளை தப்பித்தது, சனியன் விட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

ஒன்றரை மாதம் கழித்து மாப்பிள்ளைக்கு வயிற்றுவலி. சோறு இறங்கவில்லை. ஆபரேஷன் செய்து வயிற்றிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தார்கள். டாக்டரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே எங்களிடம் காட்டினார்.

நீள நீளமாகப் பெண்முடி. நடுவில் பொடிப்பொடியாக நகம். பழைய பால் வாடை.

"முடி திங்கிற பழக்கம் அவருக்கு எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"அன்னிக்கு அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் அவர் சேரை விட்டு எழுந்திருக்கவே இல்ல டாக்டர். நான் பக்கத்துலயே இருந்தேன்," என்றாள் தங்கை. அந்த அம்மாவுக்கு என்ன புரியும்?

"இதப் பாருங்க. மேல இருக்கறதெல்லாம் புதுசு. போன வாரம் உள்ள போயிருக்கும்." இடுக்கியால் பிரித்துக் காட்டினார்.

மெல்லிய முடி... குழந்தை முடி.

தங்கை மடியிலிருந்த பிள்ளையின் தலையைத் திருப்பினாள். பின்மண்டை வழுக்கை. மல்லாந்து படுப்பதால் தேய்ந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்து மூன்று நாள் ஆகிறது. பிள்ளையின் பக்கத்தில்கூட அவர் வரவில்லை.

நான் தடவிப் பார்த்தேன்.

பின்மண்டை கொழகொழவென்று ஈரமாக இருந்தது.