பார்க்காத நாளுக்கு ஒரு கோடு

மங்கையர்க்கரசி டீச்சர் அதிக நாள் இருக்க மாட்டார் என்று நான் முன்பே சொன்னேன். மோட்டார் எரியப்போவதை அதன் முனகலிலேயே கண்டுபிடிக்கிறவன் நான். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை என் கை படாத தண்ணீர் மோட்டார் கிடையாது. தை மாதம் டீச்சர் என் கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி மூச்சு வாங்கியபோதே, "இந்தச் சத்தம் சரியில்ல" என்று பக்கத்து டீக்கடையில் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூட வாட்ச்மேன் போன் செய்தார். "அண்ணே, நம்ம சயின்ஸ் டீச்சர் போயிட்டாங்கண்ணே. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..." நான் ஒரு மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். பிடியை விட்டதில் செம்புக் கம்பி பிரிந்து வாசல் வரை ஓடியது. அந்த மோட்டாரை இன்னும் தொடவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் டீச்சரின் சட்டங்கள் எனக்கு மனப்பாடம். என் தங்கை மகள் அபிநயா அவரிடம்தான் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சோதனைக்கூடச் சுவரில், கூடுதல் மார்க் வாங்குவது எப்படி என்று டீச்சர் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார். கடையில் வாங்கிய சார்ட்டுக்கு மார்க் இல்லை. கண்ணால் பார்த்து எழுதினால் ஐந்து மார்க். பார்க்காத நாளுக்கு ஒரு கோடு போடு, மார்க் குறையாது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் ஐந்தும் போகும். தப்பைத் தானே வந்து சொன்னால் மார்க் திரும்பும்.

படித்தவர்கள் போட்ட எத்தனையோ சட்டம் பார்த்திருக்கிறேன். தப்புச் செய்தவன் திரும்பி வர வழி வைத்த சட்டம் இது ஒன்றுதான்.

அபிநயா எடுத்துக்கொண்ட வேலை, எங்கள் ஊர் வாய்க்காலில் தினமும் தண்ணீர் உயரத்தை அளப்பது. மூங்கில் குச்சியில் நான்தான் கோடு கிழித்துக் கொடுத்தேன். அரசாங்க இன்ஜினியர்கூட அப்படிக் கிழிக்க முடியாது. இருபது நாள் ஒழுங்காக அளந்தாள். அப்புறம் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டாள். நோட்டில் நாலு கட்டம் காலியாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தூங்கும்போது எடுத்து, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதுபோல அழகாக நாலு எண் எழுதி வைத்தேன். அவள் கவனிக்காமல் நோட்டைக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் வாய்க்காலுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். அந்த நாலு நாளும் எங்களுக்கு அடைப்பு. வாய்க்காலில் தவளைகூட இல்லை. அது என்னைவிட யாருக்குத் தெரியும்? தண்ணீர் இல்லாததால்தான் ஊரே போர்வெல் மோட்டாரை ஓட்டி எரித்து, என் கடையில் கொண்டுவந்து போட்டது. சாப்பிட நேரமில்லாமல் அதைப் பழுது பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே கையால் தண்ணீர் ஓடியதாக எழுதியிருக்கிறேன்.

டீச்சர் வகுப்பில் நோட்டைப் பிரித்துக் கேட்டாராம். "ஏம்மா, இந்த நாலு நாளும் உங்க மாமா கடையில ரோடு வரைக்கும் மோட்டார் கிடந்துச்சே. வாய்க்கால்ல இவ்வளவு தண்ணி ஓடுனா மோட்டார் எதுக்கு?"

அபிநயா என் கையெழுத்தைப் பார்த்தாள். எழுந்து நின்று, "நான்தான் டீச்சர் எழுதுனேன்" என்றாள்.

"நீயா?"

"ஆமா டீச்சர்."

டீச்சர் நோட்டை மூடிவிட்டு, "எழுதுனவங்க வந்து சொல்லட்டும். சோதனைக்கூடம் அஞ்சு மணி வரைக்கும் திறந்துதான் இருக்கும்" என்றாராம். அன்றிலிருந்து அபிநயா முதல் பெஞ்சை விட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். வீட்டில் என்னோடு பேசவில்லை. அவளுக்கு மார்க் பெரிதில்லை. டீச்சர் தன்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டாரே என்பதுதான்.

நான் விடுவேனா? நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் கண்ணாடிக் குடுவையில் டீ போட்டு எனக்கும் ஊற்றினார். "எழுதுனது நான்தான் டீச்சர்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, அந்தப் பிள்ளைக்கு அஞ்சு மார்க்கையும் போட்டுடறேன். உங்களுக்கும் ஒண்ணு போடறேன், எட்டாங்கிளாஸ்ல விட்டதோட சேத்துக்குங்க!" என்றார். இதை நான் சொன்ன அன்று அபிநயா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். மறுநாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், டீச்சரின் வீட்டுக்காரர் மார்க் ரெஜிஸ்டரைப் பள்ளிக்கூடத்தில் ஒப்படைக்க எடுத்துப்போனார். வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அபிநயாவிடம் காட்டினார். "உன் பேரைப் பாத்தேம்மா. எல்லாருக்கும் மார்க் இருக்கு. உனக்கு மட்டும் கோடு போட்டிருக்கா. ஏன்னு தெரியல." சைபர் இல்லை. கோடு. எழுதியது யார் என்று டீச்சர் கண்ணால் பார்க்கவில்லை அல்லவா? தன் சட்டத்தைத் தானே மீறாமல் காத்திருந்திருக்கிறார்.

"மாமா, போட்டுட்டேன்னு சொன்னாங்கன்னு சொன்னீங்களே?"

"பென்சில்ல போட்டிருப்பாங்க. அழிஞ்சிருக்கும்" என்றேன். அப்போதும் அதுதான் வாயில் வந்தது.

டீச்சரைத் தெரிந்தவர்களே, அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த மூங்கில் குச்சி ஒன்றுதான். கடை மூலையில் சாத்தி வைத்திருக்கிறேன். அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மேலே எழுதியதில் ஒன்றை மட்டும் அடித்துவிடுங்கள். குடுவை டீ, சிரிப்பு, ஐந்து மார்க் எல்லாம் நான் கட்டிச் சொன்னவை. பள்ளிக்கூட கேட் வரைக்கும்தான் போனேன். டீச்சரின் ஸ்கூட்டர் உள்ளே நின்றது. மணி இன்னும் ஐந்து ஆகவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அந்த நாலு எண்ணையும் எழுதியது நான். அபிநயா இல்லை.