போனில் பட்ட குளிர்த்தி

மழை பெய்தால் இந்த ஊர்க்காரருக்கு முகம் செத்துப்போகும். அதுவும் திருவிழாவன்று பெய்தால் கேட்கவே வேண்டாம். சுவிற்சர்லாந்தின் ஒரு மூலையில் உள்ள சின்ன ஊர் இது. வருடத்தில் ஒரு விடுமுறைத் திங்கட்கிழமை பெரிய கூடாரம் அடித்து, வாத்தியம் வாசித்து, பியர் குடிப்பார்கள். நான் வேலை செய்யும் உணவகம்தான் சாப்பாடு போடும். இந்த முறை விடியற்காலையிலிருந்தே கொட்டியது. முதலாளி வானத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார், மழையை நான்தான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததுபோல. கையில் ஒரு துணியைத் தந்து, சனம் இருக்கும் நீள வாங்குகளைத் துடைக்கச் சொன்னார். துடைக்கத் துடைக்க நனைந்தன.

அதே திங்கள்தான் எங்கள் ஊரில் குளிர்த்தி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல் வட்டைகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் கண்ணகி அம்மன் கோயில். வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். வைகாசியில் மட்டும் கதவு திறந்து சடங்கு செய்வார்கள். கடைசி நாள், அம்மாளின் கோபம் தணியக் குளிர்த்தி பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் கட்டாடியார், எங்கள் பக்கத்தில் பூசகரை அப்படித்தான் சொல்லுவோம், வேப்பிலையைத் தண்ணீரில் தோய்த்துச் சனத்தின் மேல் தெளிப்பார். ஒரு துளி பட்டால் போதும், நோயும் தடையும் விலகும் என்பது நம்பிக்கை. வானமும் இரண்டு துளி தூறிவிட்டால் அம்மாள் குளிர்ந்துவிட்டாள் என்று தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதோடு கதவைச் சாத்தினால், திரும்பத் திறப்பது அடுத்த வைகாசியில்தான்.

ஊர் நினைப்பு என்றால் வாவி, நிலவு என்று சொல்லுகிறார்கள். எனக்கு வருவது அந்தத் தண்ணீருக்கான முண்டியடிப்பு. யாரோ ஒருத்தியின் முழங்கை விலாவில் இடிக்க வேண்டும், யாரோ காலை மிதித்துவிட்டு என்னையே ஏச வேண்டும். இங்கே ஒருவரும் ஒருவரை இடிப்பதில்லை. தவறி இடித்தால் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டு விலகிப்போகிறார்கள். பன்னிரண்டு வருடமாக என்னை யாரும் உரிமையோடு இடித்ததில்லை.

ஒவ்வொரு குளிர்த்திக்கும் தங்கச்சி கோயிலிலிருந்து வீடியோ அழைப்பு எடுப்பாள். அம்மா எட்டிப் பார்த்து, "வாற வருசம் வருவாய்தானே மனே?" என்று கேட்பா. நானும் "ஓம் அம்மா" என்பேன். பொய் என்று நினைத்துச் சொன்னதில்லை. இந்த நாடு என்னைத் தங்கவிட்டது, அவ்வளவுதான். ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடாது. நான் இங்கே இல்லாவிட்டால் அங்கே அம்மாவின் மருந்து நின்றுவிடும். அதனால் நிரந்தர அனுமதிக்கு எழுதிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கிடைத்ததும் போகலாம் என்று இருந்தேன். போன கிழமை மூன்றாவது தரமும் மறுத்துவிட்டார்கள். இனி எழுதிப் பிரயோசனமில்லை என்று, இங்கே எனக்காக எழுதிக்கொடுக்கும் வழக்கறிஞர் பெண்மணி சொன்னார். அதை அவர் அன்பாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

தங்கச்சியிடம் மட்டும் சொன்னேன். "அம்மாக்கிட்ட நீங்களே சொல்லுங்க அண்ணன். என்னால ஏலாது" என்றாள். குளிர்த்தியன்றே சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். அன்றைக்கு அம்மாவைச் சுற்றி ஊரே நிற்கும். தனியாக இருந்து அழ வேண்டியிருக்காது.

அங்கே பொழுதுபடும் நேரம், இங்கே மத்தியானம் தாண்டியிருந்தது. கூடாரத்துக்குப் பின்னால், வெறும் பியர்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில், கூரையோரம் ஒதுங்கி நின்றேன். போனில் சனமும் வேப்பிலையும் அம்மாவின் நரைத்த தலையும் தெரிந்தன. போன வருடத்தைவிட மெலிந்திருந்தா.

"அம்மா, ஒரு விசயம் சொல்லோணும்."

"பொறு மனே, தெளிக்கப் போறார்!"

தங்கச்சியின் கையிலிருந்து போனைப் பறித்து அம்மா மேலே தூக்கிப் பிடித்தா. இருண்ட வானம் தெரிந்தது. பிறகு நூறு கைகள். பிறகு கட்டாடியாரின் முழங்கை. அம்மா கத்துவது கேட்டது. "என்ட மகனுக்கும் தெளியுங்க! வெளிநாட்டில நிக்கான்!"

அந்த மனிதர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. வேப்பங்குழையை அப்படியே பானைக்குள் முக்கி எடுத்து வீசினார். திரை முழுக்கத் தண்ணீர் வழிந்தது. எல்லா முகமும் கலங்கித் தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. தங்கச்சியின் போன் செத்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடியும்போது அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர், திருவிழா கெட்டுப்போனதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தோளில் தட்டி, "நாளைக்கு வெயில் எறிக்கும்" என்றார். நன்றி சொன்னேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து, தங்கச்சி தன் புருசனின் போனில் எடுத்தாள். "அரிசி வாளிக்குள்ள போட்டு வெச்சிருக்கன் அண்ணன். எழும்பாது போல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாக்கிட்டக் குடுக்கிறன். இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

அம்மாவின் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கேட்டுப் பல வருடம்.

"மனே, உனக்குக் குளிர்த்தி பட்டுட்டுத்தானே?"

"ஓம் அம்மா, பட்டுட்டு."

"மழையும் தூறிச்சு மனே. இனி உனக்கு ஒரு தடையும் இல்ல. கதவு சாத்தக்குள்ள அம்மாளிட்டக் கேட்டுட்டன், வாற வைகாசிக்கு என்ட புள்ள வாறவரைக்கும் என்னைக் கூப்பிடாத தாயே எண்டு. வருவாய்தானே?"

பக்கத்தில் தங்கச்சி மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கூடாரத்துக்குள் வாத்தியம் முழங்கியது. சொல்ல வேண்டிய வார்த்தைகளைக் கிழமை முழுக்க அடுக்கி வைத்திருந்தேன்.

"ஓம் அம்மா" என்றேன்.

முதலாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார். துணியைப் பிழிந்துகொண்டு போனேன். பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவந்த அந்த ஓமைத் தெரிந்தே பொய்யாகச் சொன்னது அன்றைக்குத்தான்.