இரண்டை அழுத்தவும்

கொரோனா ஊரடங்கில் எங்கள் வீட்டுக்குத் தினமும் காலையில் தவறாமல் வந்தவள் ஒருத்திதான். அதுவும் போனில். சிவாஜிநகரில் என் கணவர் வேலை பார்த்த துணிக்கடையில் ஒருவருக்குத் தொற்று வந்ததும், இவருடைய நம்பரும் சுகாதாரத் துறைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து பதிவு செய்த அந்தக் குரல் கன்னடத்தில் படு மரியாதையாக விசாரிக்கும். மூச்சுத் திணறல் இருந்தால் ஒன்றை அழுத்தவும், இல்லையென்றால் இரண்டை அழுத்தவும். கடைசியில், நோயாளி காற்றோட்டமான தனி அறையில், தனிக் கழிப்பறையோடு இருக்க வேண்டும் என்பாள்.

எங்களுக்கு இருந்ததே ஒரு அறை. காம்பவுண்டில் ஆறு வீட்டுக்கும் ஒரே கழிப்பறை. நடுவில் என் பழைய சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாகப் படுத்தோம். சேலையைப் பார்த்து எந்தக் கிருமி மரியாதையாக நின்றுவிடும்?

இருமல் கூடி மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகும் அவர் இரண்டையே அழுத்தினார். நான் போனைப் பிடுங்கப் போனேன்.

"சும்மா இரு. ஒன்னு அமுக்கினா நாளைக்கே கேட்ல தகரம் அடிச்சிட்டுப் போயிடுவானுங்க. அல்லாரும் வேலைக்குப் போவாம என்னாத்த துன்னுவாங்க?"

பக்கத்துத் தெருவை அப்படித்தான் அடைத்திருந்தார்கள். எங்கள் காம்பவுண்டில் பாதிப் பேர் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள். ஊரடங்கிலும் அந்தக் கூலி மட்டும்தான் நிற்கவில்லை.

ஒருநாள் விடிந்தபோது அவரால் ஒரு வார்த்தைகூட முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆம்புலன்ஸ் நம்பரில் யாரும் எடுக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போட்டாலும் படுக்கை இல்லை என்றார்கள். மிச்சமிருந்தது அவள்தான். அவளுக்கு நாம் போன் செய்ய முடியாது, அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டாள். ஒன்றை அழுத்தினேன். நன்றி, பதற்றப்பட வேண்டாம், எங்கள் ஊழியர் உங்களைத் தொடர்புகொள்வார் என்றாள். அந்த நேரம் பார்த்து லைன் பிஸியாக இருந்துவிடக் கூடாதே என்று, பிரேசர் டவுனிலிருந்து கூப்பிட்ட என் தங்கையின் போனைக்கூட எடுக்காமல் கட் செய்தேன். யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம், உட்கார வை என்று அவர் கையைக் காட்டினார். சேலையை இழுத்து எறிந்துவிட்டு அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அப்படியே போய்விட்டார்.

மறுநாள் காலை போன் அடித்தது. அதே குரல், அதே மரியாதை. மூச்சுத் திணறல் இருக்கிறதா என்றாள். வந்த ஆத்திரத்துக்குப் போனைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன். செத்துவிட்டார் என்று சொல்வதற்கு அவளிடம் எண் எதுவும் இல்லை. இரண்டை அழுத்தினேன்.

நன்றி, இதேபோல் கவனமாக இருங்கள் என்றாள்.